பசுக்கள் கேட்ட போர்வை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெங்களூரு அல்சூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஐந்து வயதுப் பேத்திக்கு மாலைதோறும் 'கிளிக், கிளாக், மூ' என்ற ஆங்கிலப் படப் புத்தகத்தைத் தமிழில் சொல்லிக் காட்டுகிறேன். தொழுவத்தில் கிடந்த பழைய தட்டச்சுப்பொறியில் பசுக்கள் பண்ணைக்காரருக்குக் கடிதம் எழுதி மின்போர்வை கேட்கின்றன; அவர் மறுத்ததும் பால் கிடையாது என்கின்றன. சென்ற வாரம் பேத்தியும் ஒரு தாளில் எதையோ கிறுக்கி, பூங்காவுக்கு அழைத்துப் போகாவிட்டால் பால் குடிக்க மாட்டேன் என்று என்னிடம் நீட்டினாள். புத்தகம் பிடிவாதத்தைக் கற்றுத் தருகிறது என்று மாப்பிள்ளை வருந்துகிறார். கதையின் முடிவில் ஒரு நீதியைச் சேர்த்துச் சொல்லலாமா?

வாசகி ஒருவர், அல்சூர்

அன்புள்ள அம்மா,

சேர்க்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இக்கதையை எழுதிய டோரீன் குரோனின் வழக்கறிஞராகப் பணியாற்றியவர். பெட்சி லூயின் வரைந்த படங்களுடன் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இந்நூல், மறு ஆண்டு, அமெரிக்காவில் படப் புத்தக ஓவியங்களுக்கு வழங்கப்படும் கால்டெகாட் கௌரவ விருதைப் பெற்றது. வழக்கறிஞரின் கை கதையெங்கும் தெரிகிறது. பசுக்கள் வேலியை முறிப்பதில்லை, எவரையும் முட்டுவதில்லை. இரவில் தொழுவம் குளிர்கிறது என்று காரணத்தைச் சொல்லி, வேண்டியதை எழுத்தில் கேட்டு, மறுக்கப்பட்ட பிறகே பாலை நிறுத்துகின்றன. குளிரில் வாடும் கோழிகளும் முட்டையை நிறுத்தி அவற்றோடு சேர்ந்துகொள்ள, எப்பக்கமும் சாயாத வாத்து தூது போக, தட்டச்சுப்பொறியைக் கொடுத்துப் போர்வையைப் பெறுவதென்று உடன்பாடு ஏற்படுகிறது. தரையில் புரண்டு அழுதிருக்கக்கூடிய குழந்தை தாளை எடுத்துக் கோரிக்கையும் நிபந்தனையுமாக எழுத முனைந்திருக்கிறாள் என்றால், அதை நான் வளர்ச்சி என்றே கொள்வேன். உங்கள் நிபந்தனையை நீங்களும் எழுதியே கொடுங்கள்.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பசுக்கள் மரியாதையாகக் கடிதம் எழுதுகின்றன. பொறுமை இழந்து குதிப்பவர் மனிதர். தன்னை எப்போதும் அடக்கிவைக்கும் பெரியவர்களின் உலகம் ஒரு நாள் தலைகீழாவதைக் கண்டு குழந்தை மகிழும் அந்த நொடியில் நாம் நீதியை நீட்டினால், நீ சிரித்தது தவறு என்று சொன்னதாகவே அவள் எடுத்துக்கொள்வாள். பஞ்சதந்திரத்தின் நரியும் காகமும் நமக்குப் பாடம் சொல்ல வந்தவை. அவற்றின் முன் கேட்பவர் மாணவர். அந்த மரபின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் நல்ல படப் புத்தகத்தில், வாசித்துக் காட்டும் பெரியவரைவிடக் குழந்தைக்கே அதிகம் தெரிந்திருக்கும். பேட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட 'ரோசிஸ் வாக்' என்ற நூல் 32 ஆங்கிலச் சொற்களால் ஆன ஒரே வாக்கியம். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி உலாவி, இரவு உணவு நேரத்துக்குத் திரும்புகிறது என்பதற்கு மேல் அதில் எதுவும் எழுதப்படவில்லை. கோழியின் பின்னால் பதுங்கி வந்து, குளத்தில் விழுந்து, மாவில் மூழ்கி, கடைசியில் தேனீக்களிடம் சிக்கும் நரியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எழுத்தறியாத குழந்தை நரியைக் கண்டுகொள்கிறது. எழுத்தை மட்டும் பின்தொடரும் நாம் தவறவிட்டுவிடுகிறோம்.

பெங்களூருக் குழந்தைக்குப் பசுவின் கோரிக்கையை விளக்கவும் வேண்டியதில்லை. தெருமுனையில் மாட்டைப் பார்க்கிறாள்; மார்கழிக் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே பள்ளிக்குப் போகிறாள். சென்னையில் இதே கதையைச் சொல்பவர்தான் போர்வைக்குக் காரணம் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

படிக்கும்போது, கடிதங்களை அலுவலகக் கடிதம் போலப் பணிவான குரலில் வாசியுங்கள். பணிவு கூடக்கூட வேடிக்கையும் கூடும். மறுப்புக் கடிதம் வரும் இடங்களில் பக்கத்தை உடனே திருப்பாமல், அடுத்து என்ன நடக்கும் என்று அவளைச் சொல்ல விடுங்கள். தட்டச்சின் ஓசையைத் தமிழாக்க முயல வேண்டாம், விரல்களால் மேசையில் தட்டுங்கள். முடிவில் வாத்துகள் குதிபலகை கேட்டு எழுதுகின்றன. அது கிடைத்ததா என்பதைப் படம்தான் சொல்கிறது, ஆகையால் அதைக் கண்டு சொல்லும் உரிமை அவளுக்கே. ஒரு மாலை பண்ணைக்காரரின் பங்கை உங்கள் மாப்பிள்ளையிடம் வாசிக்கக் கொடுங்கள். அந்தக் கோபத்தை உரத்த குரலில் வாசிக்க ஓர் ஆண்குரல் இருந்தால் பேத்தி இன்னும் மகிழ்வாள், அவள் எந்த இடத்தில் எதற்காகச் சிரிக்கிறாள் என்பதை அவரும் அருகிலிருந்து பார்க்கலாம்.