தோழிங்களோட ஒரு முழு நாள்: கேளுங்க, சொல்றேன்

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதி ஒரே விஷயத்தைத்தான் சுத்துது, பழைய ஃப்ரெண்ட்ஸ பாக்கணும், எங்க, எப்படின்னு. எல்லாத்தையும் சேர்த்தே போட்டுடறேன்.

அக்கா, நான் வேலூர். ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருந்த நாலு பேர் இப்ப ஆளுக்கொரு ஊர்ல இருக்கோம், வாட்ஸ்அப்ல குட்மார்னிங் மட்டும்தான் ஓடுது. அடுத்த மாசம் சென்னையில ஒரு நாள் சேரப் போறோம். மால், சினிமா வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். நல்லா சாப்பிடணும், ஓவியம் சிற்பம்னு ஏதாவது பாக்கணும், நிறைய பேசணும். எங்க போகலாம்?

சினிமா வேணாம்னு முடிவு பண்ணது ரொம்ப நல்லது, இத்தனை வருஷம் கழிச்சு பாத்துட்டு மூணு மணி நேரம் இருட்டுல வாயை மூடிட்டு உக்காரவா வர்றீங்க. நான் எழும்பூர் மியூசியம்தான் சொல்லுவேன். வெள்ளிக்கிழமை லீவு, அத மட்டும் பாத்து தேதி போடுங்க.

காட்பாடிலேர்ந்து காலை ரயில் புடிச்சு சென்ட்ரல்ல இறங்கினீங்கன்னா நேரா ஆட்டோ வெச்சு திருவல்லிக்கேணி ரத்னா கஃபே போயிருங்க. 1948லேர்ந்து இருக்கிற கடை, அங்க போய் பூரி, தோசைன்னு மெனுவ பொரட்டிட்டு இருக்காதீங்க, சாம்பார் இட்லி சொல்லுங்க. இட்லி சாம்பார்ல முங்கித்தான் வரும், அது ஊறி உடைய ஆரம்பிக்கறப்ப இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டு ஊத்திக்கணும், மேல ஒரு ஸ்பூன் நெய், அப்புறம் ஸ்பூனால வெட்டி சாப்பிட்டா அந்த சின்ன வெங்காயமும் லேசான தித்திப்பும் சேர்ந்து வரும் பாருங்க. கூட்டமா இருக்கும், டேபிளுக்கு பக்கத்துலயே ஆளுங்க காத்திருப்பாங்க, அதனால நீண்ட பேச்செல்லாம் அங்க வேணாம், காபி குடிச்சிட்டு கிளம்பிருங்க.

அங்கேர்ந்து எழும்பூர் பக்கம்தான். 1851ல ஆரம்பிச்ச மியூசியம், வளாகம் பெருசு, எல்லா கட்டடத்தையும் பாத்தே தீருவேன்னு நுழைஞ்சா கால் வலிதான் மிச்சம். வெண்கல சிலைங்க இருக்கிற கட்டடத்துக்கு மட்டும் போங்க, இன்னும் தெம்பு இருந்தா ஆந்திராவிலேர்ந்து வந்த அமராவதி பௌத்த சிற்பங்கள், அது போதும். மத்தியானம் அண்ணா சாலை புகாரி, 1951லேர்ந்து இருக்கு, சிக்கன் 65 அங்கதான் பொறந்துச்சுன்னு சொல்லுவாங்க, பிரியாணியோட அதையும் சொல்லிட்டு சாவகாசமா உக்காருங்க. சைவம் மட்டும் சாப்பிடறவங்க இருந்தா அந்த ரோட்லயே வேற நல்ல ஓட்டல் நிறைய இருக்கு.

வெயில் தாழ்ந்ததும் மெரினா, உழைப்பாளர் சிலைகிட்ட இறங்குங்க. நாம பஸ்ல போறப்ப பாத்துட்டே போயிருப்போம், நின்னு பாத்திருக்க மாட்டோம். நாலு பேர் ஒரு பாறைய நெம்பறாங்க, ஒவ்வொருத்தர் முதுகும் ஒவ்வொரு மாதிரி வளையுது, பின்பக்கமா சுத்தி வந்து அந்த முதுகுங்கள பாருங்க. செஞ்சவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி, எழும்பூர் பக்கத்துல இருக்கிற ஓவியக் கல்லூரிக்கு ரொம்ப வருஷம் தலைவரா இருந்தவர், சிலை 1959லேர்ந்து அங்க நிக்குது. பாத்துட்டு தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல் வாங்கிட்டு மணல்ல உக்காந்தீங்கன்னா ரயிலுக்கு நேரமாகற வரைக்கும் பேச்சுதான்.

நானும் தோழிங்களும் இப்படி போறதா இருக்கோம். ஆனா சிற்பமெல்லாம் எங்களுக்கு ஒண்ணும் புரியாதே மேடம், போர் அடிக்காதா? (தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி)

புரியணும்னு யாரு சொன்னா? ரொம்ப வருஷம் கழிச்சு பாக்கறப்ப முதல் அரை மணி நேரம் என்ன பேசுவோம், பசங்க படிப்பு, வீட்டு லோன், சுகர், பிபி. அதுக்கப்புறம் ஒரு சின்ன அமைதி வரும், எல்லாரும் போனை எடுப்பாங்க. நேருக்கு நேர் உக்காந்தா வராத பேச்சு, ஒரு சிலை முன்னாடி தோளோட தோள் நிக்கறப்ப தானா வந்துரும், ஏன்னா கண்ணு வேற எங்கயோ இருக்கு, வாய் மட்டும் பேசுது. அதுக்காகவே நான் எல்லாரையும் மியூசியத்துக்கு அனுப்பறேன்.

அங்க திருவெண்காட்டு அர்த்தநாரி இருக்கு, சோழர் காலத்து வெண்கலம். முன்னாடி நின்னு கையை எண்ணிப் பாருங்க. வலது பக்கம் சிவனுக்கு ரெண்டு கை, இடது பக்கம் அம்மனுக்கு ஒரே கை, மொத்தம் மூணு. பாக்கறப்ப ஏதோ குறையற மாதிரி தோணவே தோணாது. வலது காலுக்கு தொடை வரைக்கும்தான் ஆடை, இடது காலுக்கு கணுக்கால் வரைக்கும் துணி இறங்குது, இடுப்பு ஒரு பக்கமா ஒயிலா வளையுது, ரெண்டு வேற உடம்பு எந்த இடத்துல ஒண்ணாச்சுன்னு கோடு போட்டு காட்ட முடியாது. இத பாத்துட்டு உங்கள்ல ஒருத்தி கண்டிப்பா தன் வீட்டுக்காரரப் பத்தி ஏதாவது சொல்லுவா, பேச்சு அங்கேர்ந்து எங்கயோ போகும்.

அப்புறம் திருவாலங்காட்டு நடராஜர். பிரெஞ்சு சிற்பி ரோதேன் இந்த மியூசியத்து நடராஜரை நேர்ல பாத்ததே இல்ல, போட்டோ பாத்துட்டே உருகி உருகி எழுதியிருக்கார், நமக்கு ஒரு டிக்கெட் எடுத்தா நேர்லயே பாக்க கிடைக்குது. இதெல்லாம் முதல்ல மெழுகுல செஞ்சு, மேல களிமண் பூசி, சுட்டு மெழுக உருக்கி வெளிய விட்டு, அந்த காலி இடத்துல உலோகத்த காய்ச்சி ஊத்தி, அச்ச உடைச்சு எடுக்கிறது. அச்சு உடைஞ்சுட்டா அதே மாதிரி இன்னொண்ணு வராது. சுவாமிமலையில இன்னிக்கும் இப்படித்தான் செய்யறாங்க.

ஈசிஆர் பக்கம் சோழமண்டலம்னு ஒரு ஓவியர் கிராமம் இருக்காமே, அங்கயும் அதே நாள்ல போகலாமா?

அதே நாள்ல வேணாம்! எழும்பூர்லேர்ந்து சோழமண்டலம் இருக்கிற ஈஞ்சம்பாக்கம் போக டிராஃபிக்ல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், நாள் பூரா கார்லயே போயிரும். அதுக்கு தனியா ஒரு நாள் வைங்க, ஃப்ரெண்ட்ஸோட போக அதவிட பொருத்தமான இடம் எனக்கு தெரியல. ராய் சௌத்ரிக்கு அப்புறம் அந்த ஓவியக் கல்லூரிக்கு பிரின்சிபாலா வந்த கே.சி.எஸ்.பணிக்கரும் அவர்கிட்ட படிச்சவங்களும் சேர்ந்து 1966ல உருவாக்கினது. படம் வரைஞ்சு மட்டும் பொழைக்க முடியாத காலம், அதனால பாத்திக் துணி (மெழுகு வெச்சு சாயம் ஏத்தறது) மாதிரி கைவினைப் பொருள் செஞ்சு வித்து அந்த காசுல நிலம் வாங்கி, பக்கத்துல பக்கத்துல வீடு கட்டி, கொஞ்ச நேரம் கைத்தொழில், மிச்ச நேரம் ஓவியம்னு வாழ்ந்திருக்காங்க. கூடப் படிச்சவங்க சேர்ந்து ஒரு ஊரே உண்டாக்கியிருக்காங்கன்னு நினைச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்கும். அவங்க படைப்புகளெல்லாம் வெச்சு 2009ல ஒரு மியூசியமும் திறந்தாங்க, வெளிய மரத்தடியில கருங்கல் சிற்பங்கள் நிக்குது. கார் இருந்தா அப்படியே பழைய காலத்து வீடுங்கள காட்சிக்கு வெச்சிருக்கிற முட்டுக்காடு தட்சிணசித்ராவும் போகலாம், செட்டிநாட்டு வீட்ட அப்படியே பிரிச்சு கொண்டு வந்து கட்டி வெச்சிருக்காங்க, அந்த திண்ணையில எவ்வளவு நேரம் வேணா உக்காரலாம். அங்க செவ்வாய்க்கிழமை லீவு.

குரூப்ல ஒருத்தியோட எனக்கு பழைய மனஸ்தாபம். அவளும் வர்றா. நான் போகவா வேணாமா?

போங்கம்மா. ஆனா முந்தின நாள் நீங்களே அவளுக்கு போன் பண்ணுங்க, மெசேஜ் வேணாம், போன். "நாளைக்கு எந்த ரயில்ல வர்ற"ன்னு மட்டும் கேளுங்க. பழைய விஷயத்த மத்தவங்க முன்னாடி எடுக்காதீங்க, அவ எடுத்தா கேட்டுக்கோங்க.

ஒவ்வொரு தடவையும் பில் யார் குடுக்கறதுன்னு ஓட்டல்ல இழுபறி ஆகுது, என்ன பண்ண?

காலையில சேர்ந்த உடனே ஆளுக்கு சமமா ஒரு தொகை எடுத்து ஒருத்தர்கிட்ட குடுத்துருங்க, ஆட்டோ, டிக்கெட், சாப்பாடு, சுண்டல் எல்லாம் அதுலேர்ந்துதான். சாயங்காலம் மிச்சம் இருந்தா பிரிச்சுக்கலாம். பண நெருக்கடியில இருக்கிற தோழி யாராவது இருந்தா அந்த தொகைய சின்னதா வைங்க, இன்னொருத்தி அவளுக்காக குடுக்கிறேன்னு எல்லார் எதிர்லயும் சொல்றது மட்டும் வேணாம்.