எந்தக் கவர்?

கே: அரைப்பரீட்சை லீவுக்கு குடும்பத்தோட நாலு பேர் சென்னை வர்றோம் சார். வெள்ளிக்கிழமை காலையில எக்மோர்ல இறங்கறோம், ஞாயித்துக்கிழமை நைட் திரும்பி பஸ் ஏறணும். மியூசியம், மெரினா, வண்டலூர், தி.நகர்னு மொத்தம் 17 இடம் எழுதி வச்சிருக்கேன். எல்லாத்தையும் கவர் பண்ணிட முடியுமா?
— வாசகர், கோவில்பட்டி

ப: எந்தக் கவருங்க? கடையில 'அண்ணே ஒரு கவர் குடுங்க'ன்னு கேப்போமே அதுவா? அதை 2019 ஜனவரியிலயே தடை பண்ணியாச்சு, கறிக்கடை கறுப்புக் கவருக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரல. மொய்க் கவரா? தலகாணிக் கவரா? டேபிளுக்கு அடியில நகருமே அந்தக் கவரா? சங்க காலத்துல ராவோட ராவா அடுத்த ஊர் மாட்டை ஓட்டிட்டு வந்தா அதுக்குப் பேரு ஆநிரை கவர்தல். நீங்க சொல்றது இதுதான்னு நினைக்கிறேன், மாட்டுக்குப் பதிலா செல்ஃபி.

வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு சார். ஸ்டேஷன் பக்கம்தானேன்னு பெட்டியோட போனீங்கன்னா பூட்டின கேட்டைத்தான் கவர் பண்ணணும். கோட்டை மியூசியமும் வெள்ளி லீவு, லைட் ஹவுஸ் திங்கள், வண்டலூர் செவ்வாய். இதை நான் எழுதி எழுதி, எங்க லேஅவுட்காரர் 'நிரந்தரமா ஒரு பாக்ஸ் போட்டுரலாமா சார்'ங்கறாரு.

பழைய மெட்ராஸ்காரங்களுக்கு மியூசியம் செத்த காலேஜ், ஜூ உயிர் காலேஜ். உயிர் காலேஜ் பொறந்ததே செத்த காலேஜ் காம்பவுண்டுலதான், 1855ல, அப்புறம் சென்ட்ரல் பக்கம் குடித்தனம் பண்ணி 1985ல வண்டலூர் போச்சு. எங்க அக்கா வீட்டுக்காரர் ஒருதடவை உங்களை மாதிரியே கல்யாணப் பத்திரிகை பின்னாடி லிஸ்ட் எழுதிட்டு வந்தாரு, ஒவ்வொரு இடம் முடிஞ்சதும் பேனாவால ஒரு டிக். செத்த காலேஜ்ல திமிங்கில எலும்புக்கூடு முன்னால அவர் பையன் நின்னு விலா எலும்பை விரல் நீட்டி ஒண்ணு ரெண்டுன்னு எண்றான், பதினொண்ணு வந்துட்டான், 'டேய் வேன் வெயிட்டிங்'னு கையப் புடிச்சு தரதரன்னு இழுத்துட்டு வந்துட்டாரு. வெளிய வந்து பாத்தா வேன் டிரைவர் டீ குடிக்கப் போயிருக்காரு. இருபது நிமிஷம் வெயில்ல நின்னோம்.

மெரினாவுல நின்னுக்கிட்டு பசங்ககிட்ட 'உலகத்துலயே ரெண்டாவது நீளமான பீச்'னு மட்டும் சொல்லிராதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். வங்கதேசத்து காக்ஸ் பஜார் ஒண்ணே 120 கிலோமீட்டர், பிரேசில்ல அதைவிடப் பெருசு இருக்கு, நம்மளத எப்படி இழுத்து அளந்தாலும் 13ஐத் தாண்டாது. இதை முன்னாடி ஒருதடவை எழுதினதுக்கு ஒரு ரிட்டயர்டு வாத்தியார் ஆறு மாசம் விடாம கார்டு போட்டாரு, கடைசிக் கார்டுல ரெண்டே வார்த்தை, 'தமிழ்த் துரோகி'. நீளத்தை விடுங்க, அகலத்தைப் பத்தி சொல்லுங்க, அதுலதான் கதையே இருக்கு. தெக்கேருந்து வடக்க நகர்ற மணலை 1870கள்ல கட்ட ஆரம்பிச்ச ஹார்பர் சுவர் மறிச்சிருச்சு, இந்தப் பக்கம் மணல் சேந்துக்கிட்டே போச்சு, அந்தப் பக்கம் ராயபுரம் கரையைக் கடல் அரிச்சிருச்சு. சுண்டல் பொட்டலத்தோட தண்ணிகிட்ட போறதுக்குள்ள கால் கடுக்குதே, அந்த ஹார்பர் பண்ண வேலை அது.

சரி, பிளான் கேட்டீங்க இல்ல. வெள்ளி மத்தியானம் தூங்குங்க, சாயங்காலம் மெரினா. சனிக்கிழமை செத்த காலேஜ் மட்டும். வெண்கலச் சிலைங்க இருக்கற கட்டடத்துக்கே ஒரு காலைப்பொழுது வேணும். ஞாயிறு வண்டலூர், ஏன்னா உங்க ஊர் பஸ் இப்ப கிளாம்பாக்கத்துல, ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. பழைய நினைப்புல கோயம்பேடு போய் நின்னு என்னைத் திட்டாதீங்க. தி.நகருக்கு பிளானே வேண்டாம், அது உங்களைக் கவர் பண்ணிரும்.

ஒரு உதவி. அந்தத் திமிங்கிலத்துக்கு விலா எலும்பு மொத்தம் எத்தனைன்னு உங்க பசங்களை எண்ணச் சொல்லி எனக்கு ஒரு கார்டு போடுங்க. எங்க வீட்டுல அது இன்னும் பதினொண்ணுலயே நிக்குது.