பி2135 வந்தால் திராட்டில் பாடியை உடனே மாற்றாதீர்கள்

கார் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென பிக்கப் செத்து, ஆர்பிஎம் 1500-க்கு மேல் ஏறாமல், அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. ஸ்கேனரில் பி2135 (P2135) என்ற கோளாறு எண் வருகிறது என்கிறீர்கள். திராட்டில் பாடியில், அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகத்தில், கிளீனர் அடித்தும் தீரவில்லை. தீராதுதான் நண்பரே, இது அழுக்குக்கான எண் இல்லை. திராட்டில் பாடிக்குள் இருக்கும் இரண்டு பொசிஷன் சென்சார்களின் கணக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) சொல்கிறது. ஆக்ஸிலரேட்டர் பெடல் சென்சார் என்றால் பெரும்பாலும் பி2138 வந்திருக்கும்.

முதலில் திராட்டில் பாடியின் கனெக்டரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். பச்சை பூத்திருக்கிறதா, பின் தளர்ந்திருக்கிறதா? விட்டுவிட்டு வரும் கோளாறு பல நேரம் இங்கேதான் ஒளிந்திருக்கும். வழக்கமாக ஆறு வயர்: மோட்டாருக்கு 2, சிக்னல் 2, 5 வோல்ட் ஒன்று, கிரவுண்டு ஒன்று. கனெக்டரை மாட்டி, இக்னிஷன் ஆனில் பின்பக்கமாக மீட்டர் வைத்து அளங்கள். கிரவுண்டு வயரில் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பழுது வயரிங்கில்.

அடுத்து ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் இரண்டு சிக்னலையும் கிராஃபாக வைத்து, பெடலை மெதுவாக அழுத்துங்கள். பல வண்டிகளில் ஒன்று ஏற மற்றது இறங்கும், கூட்டினால் 5 வோல்ட் அளவில் நிற்கும். சிலவற்றில் இரண்டும் ஏறும், மேனுவலைப் பாருங்கள். வயரை ஆட்டும்போது கிராஃப் கோடு துள்ளினால் பழுது ஹார்னஸில் (வயர் கட்டில்). ஆட்டாமலே ஒரே இடத்தில் துள்ளினால் சென்சார் தேய்ந்திருக்கிறது. அப்போதுதான் புது திராட்டில் பாடி, மாட்டியதும் ரீலேர்ன் (இசியுவுக்குப் புதுப் பாகத்தைப் பழக்குவது) செய்ய வேண்டும்.

இக்னிஷன் ஆனில் திராட்டில் பாடியின் பிளேட்டுக்குள் விரல் விடாதீர்கள், மோட்டார் நசுக்கிவிடும்.