கடைசி வரிசைக் கதிரைகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மட்டக்களப்பு மாவட்டத்தில் அடுத்தடுத்து இருக்கும் ஒரு தமிழ்க் கிராமத்துக்கும் ஒரு முஸ்லிம் கிராமத்துக்கும் பொதுவான நல்லிணக்கக் குழுவில் செயலாளராக இருக்கிறேன். குழுவில் 24 பேர். அதில் பெண்கள் 6. மாதம் ஒரு கூட்டம், ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு, எங்கள் கோயில் மண்டபத்தில். பெண்கள் வருகிறார்கள், கடைசி வரிசையில் இருக்கிறார்கள், கையெழுத்து வைக்கிறார்கள், தேத்தண்ணி கொடுக்க எழும்புகிறார்கள், போகிறார்கள். "நீங்களும் ஏதாவது சொல்லுங்கோ" என்று தலைவர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். ஒருவரும் வாய் திறப்பதில்லை. இரண்டு முஸ்லிம் பெண்களில் ஒருவர் வருவதையே நிறுத்திவிட்டார். ஆளுமைப் பயிற்சி ஒன்று கொடுத்தால் சரிவருமா?

2003இல் அரசுக்கும் புலிகளுக்கும் சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் பெண்களுக்கென்று குழு அமைத்தும் என்ன நடந்தது என்று எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? இன்னொன்று: நிதி தரும் நிறுவனம் மாதாமாதம் பெண்கள் முன்னால் நிற்கும் குழுப்படம் கேட்கிறது.

கே.

அன்புள்ள கே.,

ஆளுமைப் பயிற்சி வேண்டாம். அந்த ஆறு பேரும் மாதர் சங்கத்தில், சந்தையில், வாசலில் வந்து நிற்கும் லோன்காரனிடம் நன்றாகவே பேசுகிறவர்கள். உங்கள் கூட்டத்தில் பேசாமல் இருப்பது கூச்சத்தால் அல்ல, கணக்குப் பார்த்துத்தான். பேசினால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்ற கணக்கு அது. எதைப் பேசுவது என்று தலைவரும் கோயில் சபையும் பள்ளிவாசல் நிர்வாகமும் முதலே முடிவெடுத்துவிடுகிறார்கள். "ஏதாவது சொல்லுங்கோ" என்ற அழைப்பு எல்லாம் முடிந்த பிறகு வருகிறது. அப்போது வாய் திறந்தால் கிடைப்பது ஒன்றுமில்லை. போவதோ, அடுத்த நாள் குழாயடியில் கேட்கவேண்டிய பேச்சு.

முதலில் இடத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள். கோயில் மண்டபத்தில் வைத்தால் மாதவிலக்கு நாளில் தமிழ்ப் பெண் வரமாட்டார், காரணமும் சொல்லமாட்டார். கணவனை இழந்தவர் வந்தாலும் ஓரமாகத்தான் இருப்பார். முஸ்லிம் பெண்ணுக்கு வீட்டில் அனுமதி கேட்பதே ஒரு வேலை. பள்ளிவாசல் மண்டபம் என்றால் இதே சிக்கல் மறுபக்கம். இரண்டு ஊர்ப் பெண்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துபோகும் முன்பள்ளிக் கட்டடம் நல்லது. உள்ளே கொண்டி போடும் மலசலகூடம் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். அது இல்லாத இடத்தில் இரண்டு மணி நேரக் கூட்டம் நடக்காது.

ஞாயிறு பின்னேரம் ஆண்களுக்கு வசதி. பெண்களுக்கு அது மாடு கட்டுகிற, ரியூசன் முடிந்த பிள்ளையைக் கூட்டிவருகிற, இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டுகிற நேரம். பாடசாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடுகிறது. இடையில் ஒன்பதரை முதல் பதினொன்றரை வரைதான் அவர்களுக்குச் சொந்தமான நேரம். வெள்ளி மட்டும் வேண்டாம், ஜும்ஆவுக்கான ஆயத்தம் இருக்கும். கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள் வார நாளில் வரமுடியாது. அவர்களுக்காக இரண்டு மாதத்துக்கு ஒன்றைப் போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் பத்துப் பேர் வருவார்களென்றால் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும், அவர்களுக்குக் கூலியும் வேண்டும். பஸ் காசை, ஓட்டோக் காசை கூட்டம் தொடங்க முதலே கையில் கொடுத்துவிடுங்கள். முடிவில் கவரில் போட்டுக் கொடுத்தால், காசுக்கு வந்தவர்கள் என்ற கதை ஊரில் கிளம்பும்.

இதெல்லாம் சுலபம். கடினமானது, பொதுக் கூட்டத்துக்கு முன் நடக்கவேண்டியது.

ஒவ்வொரு ஊரிலும் பெண்கள் மட்டும் 12 முதல் 15 பேர் தனியாகக் கூடட்டும். ஒருமுறை போதாது. முதல் முறை யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள், இரண்டாம் முறை பொதுவாகப் பேசுவார்கள், மூன்றாம் முறைதான் விஷயம் வெளியே வரும். நீங்களும் தலைவரும் அங்கே இருக்கக்கூடாது. பெண்கள் என்பது ஒரே சாதி இல்லை என்பதையும் மறக்கவேண்டாம். வயல் சொந்தக்காரியும் அதே வயலில் கூலிக்கு நாற்று நடுகிறவரும், முன்னாள் போராளியும், காணாமல் ஆக்கப்பட்டவரின் தாயும் ஒரே பாயில் இருந்தால் எல்லோருக்குமாக வயல் சொந்தக்காரிதான் பேசுவார். அதனால் ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு வட்டத்திடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: போன மாதம் பக்கத்து ஊரோடு எந்த விஷயத்தில் முகம் முறிந்தது?

வரும் பதில்களில் "இன நல்லிணக்கம்" என்ற சொல் இருக்காது. கட்டாக்காலி மாடு தோட்டத்தில் இறங்கியது, மழைத் தண்ணீர் ஒரு ஊர் வளவிலிருந்து மறு ஊர் வளவுக்குத் திரும்பியது, ரியூசன் வகுப்பில் பொடியன்கள் அடிபட்டது, கசிப்பு (கள்ளச் சாராயம்) எந்த ஒழுங்கையால் வருகிறது, எந்த ஊர்க் கடையில் வாங்காதே என்று யார் சொன்னது என்பவைதான் இருக்கும். இவற்றில் மூன்றைத் தெரிந்து தாளில் எழுதவேண்டும். இன்னாரிடம், இன்ன திகதிக்குள் என்று சொல்லக்கூடியவையாக அவை இருக்கவேண்டும். "மரியாதை வேண்டும்" என்று எழுதினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், கூட்டமும் முடிந்துவிடும். "முன்பள்ளிக்குப் பின்னால் உள்ள வடிகானை மாரிக்கு முதல், ஒக்டோபர் 15க்குள் வெட்டவேண்டும்" என்று எழுதினால் ஒருவர் எழும்பிப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

இதற்குத் தூரத்து உதாரணம் ஒன்று உண்டு. கென்யாவின் வடகிழக்கில் வஜீர் என்ற வறண்ட மாவட்டம், சோமாலி இனக்குழுக்களின் ஊர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வறட்சியும் கால்நடைக் கொள்ளையுமாக அங்கே அஜுரான், தெகோடியா, ஒகாதென் கோத்திரங்களுக்குள் கொலைகள் பெருகின. சந்தையில் ஒரு கோத்திரத்துப் பெண் மறு கோத்திரத்துப் பெண்ணிடம் வாங்குவதில்லை, விற்பதில்லை என்ற நிலை. 1993இல் தேகா இப்ராஹிம் அப்தி முதலான சில பெண்கள் தொடங்கிய இடம் அந்தச் சந்தைதான். யாரும் யாரிடமும் வாங்கலாம் என்று விற்பனைப் பெண்களோடு பேசி ஒப்பந்தம் செய்தார்கள். அது மீறப்படுகிறதா என்று நாளாந்தம் பார்க்க ஆள் வைத்தார்கள். சந்தை அடங்கிய பிறகுதான் மூப்பர்களிடம் போனார்கள். அங்கேயும் ஒரு சாமர்த்தியம்: பேச்சைத் தொடக்கிவைக்கப் பெரிய கோத்திரத்தாரைத் தேடாமல், யாருக்கும் பயமில்லாத மிகச் சிறிய கோத்திரத்து மூப்பர் ஒருவரை முன்னிறுத்தினார்கள். அதே ஆண்டு மூப்பர்களின் உடன்பாடு வந்தது. 1995இல் அந்த முயற்சி மாவட்ட நிர்வாகத்தின் அபிவிருத்திக் குழுவோடு இணைந்த அமைப்பாகவே ஆனது. சந்தை அவர்கள் கைக்குள் இருந்ததால் தொடங்க முடிந்தது, ஆனால் சந்தையோடு நிற்கவில்லை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு மட்டக்களப்பில் மரக்கறியும் துணியும் எந்த ஊர்க் கடையில் வாங்குவது என்பதே சண்டையான மாதங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வாங்குதலில் பெரும்பங்கு யார் கையில் இருந்தது என்று யோசியுங்கள்.

பொதுக் கூட்டத்துக்கு ஒரு ஊரிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பாதீர்கள். தனியாக வந்தவர் மீதுதான் பழி முழுக்க விழும். குறைந்தது நாலு நாலு பேர், மொத்தத்தில் மூன்றில் ஒன்று. உங்கள் 24இல் எட்டு. ஆண்களைக் குறைக்க முடியாதென்றால் குழுவை 28 ஆக்கிப் பெண்களைப் பத்தாக்குங்கள். கதிரைகளை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போடுங்கள். இரண்டு ஊர்ப் பெண்களும் கலந்து இருக்கவேண்டும் என்று முதல் நாளே கட்டாயப்படுத்தவேண்டாம், தெரிந்தவரின் பக்கத்தில் இருந்தால்தான் குரல் வரும். நிகழ்ச்சிநிரலில் முதலாவதாகப் பெண்களின் மூன்று விஷயங்கள். தலைவர் உரை, அதிதி உரை எல்லாம் கடைசியில். ஒரு பேச்சுக்கு மூன்று நிமிடம், மணிக்கூடு பார்ப்பது ஒரு பெண். தேத்தண்ணி ஊற்றுவது ஆண்கள். சிரிக்கவேண்டாம், அந்தப் பத்து நிமிடத்தில்தான் கூட்டத்தின் பாதி முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அந்த நேரத்தில் பெண்கள் கேத்தலோடு நின்றால் அவர்கள் இல்லாமலேயே கதை முடிந்துவிடும்.

உங்கள் இரண்டு ஊருக்கும் மொழி ஒன்று, அது பெரிய லாபம். சிங்களக் கிராமமும் சேரும்போது இரண்டு மணி நேரக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் மொழிபெயர்ப்புக்கே போகும், எனவே விஷயத்தைப் பாதியாகக் குறையுங்கள். மொழிபெயர்க்கப் பொலிஸ்காரரையோ இராணுவத்தின் சிவில் அலுவலரையோ பிடிக்காதீர்கள். அன்றைக்கு முன்னாள் போராளிப் பெண் வாயே திறக்கமாட்டார்.

இனி, செயலாளரான உங்கள் கையில் உள்ள பொருள்: கூட்டறிக்கைக் கொப்பி. "மாதர் தரப்பிலும் கருத்துகள் தெரிவிக்கப்பட்டன" என்று ஒரு வரி எழுதுவது வழக்கம். அந்த ஒரு வரியில் மூன்று மாத வேலை காணாமல்போய்விடும். எழுதுவதானால் இப்படி: "வடிகான் ஒக்டோபர் 15க்குள் வெட்டப்படவேண்டும் என்று மாதர் சங்கம் கேட்டது. பிரதேச சபைக்குக் கடிதம் கொடுப்பது தலைவர் பொறுப்பு. அடுத்த கூட்டத்தில் பதில்." கலைவதற்கு முதல் உரத்து வாசித்து, இரு ஊரிலிருந்தும் ஒரு பெண்ணின் கையொப்பம் வாங்குங்கள். யார் எதைச் சொன்னார் என்று பெயர் போடுவது அவரவர் சம்மதத்தோடு. வரவுத் தாள் வேறு, தீர்மானத் தாள் வேறாக இருக்கட்டும். வரவுக்கு வைத்த கையெழுத்தைச் சம்மதக் கையெழுத்தாகக் காட்டிவிட்டால் அடுத்த மாதம் ஒருவரும் வரமாட்டார்கள். பெயரும் ஃபோன் இலக்கமும் உள்ள தாளைக் கண்ட அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

வடிகானுக்குப் பிரதேச சபையில் ஒரு பெண் உறுப்பினரைத் தேடுங்கள். 25 சதவீத ஒதுக்கீடு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 2018 பெப்ரவரித் தேர்தலில். அதற்கு முன் நாடு முழுக்க உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் 2 சதவீதம்கூட இல்லை. அவரைப் பிரதம அதிதியாக அழைத்து மாலை போடவேண்டாம். கேட்டுவிட்டுப் போய்ச் சபையில் சொல்ல அழையுங்கள்.

மூத்தவரின் கேள்விக்கு வருகிறேன். 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் நடந்த பேச்சுச் சுற்றில் முடிவாகி, பெண்கள் தொடர்பான உபகுழு 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடியது. அரச தரப்பில் ஐந்து பேர், புலிகள் தரப்பில் ஐந்து பேர். அரச அணிக்குக் குமாரி ஜயவர்தனவும் புலிகள் அணிக்குத் தமிழினியும் தலைமை. ஏப்ரல் 21இல் புலிகள் பேச்சை இடைநிறுத்தினார்கள், உபகுழுவும் அதோடு நின்றது. அந்தப் பெண்களால் முடியாமல் போனது என்று அதற்குப் பொருளில்லை. பெரிய மேசையில் அவர்களுக்குக் கதிரை இல்லை, பக்கத்தில் ஒரு சின்ன மேசைதான் இருந்தது. பெரிய மேசை கவிழ்ந்தால் சின்ன மேசை எப்படி நிற்கும்? மாதர் வட்டங்களை உங்கள் குழுவின் கிளையாகப் பதியாமல், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் வேலையாகவே விடுங்கள் என்று சொல்வது இதனால்தான். உங்கள் குழு குலைந்தாலும் அவை கூடும்.

இரு ஊராரும் கொல்லப்பட்ட, கொண்டுபோகப்பட்ட நாள்களைக் குறித்த நாட்காட்டி ஒன்று கட்டாயம். 1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், ஓகஸ்ட் 12 ஏறாவூர், அதே நாள் வீரமுனை, செப்டெம்பர் 5 வந்தாறுமூலை வளாகம், செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டான். ஐந்தரை வாரத்துக்குள் இரு பக்கத்துத் தாய்மாருக்கும் நினைவுநாள்கள். இவற்றில் ஒன்றில் தெரியாமல் "சந்தோஷமான ஒன்றுகூடல்" வைத்துவிட்டு, ஏன் ஒரு தரப்பு வரவில்லை என்று யோசிக்கும் அமைப்பாளர்கள் உண்டு. அந்த நினைவுகளைப் பேசத்தான் வேண்டும், ஆனால் முதலாம் கூட்டத்தில் அல்ல. வடிகான் வெட்டி முடிந்து, சொன்னது நடக்கும் என்று இரு பக்கமும் கண்ட பிறகு, அவர்களாக எடுத்தால் எடுக்கட்டும்.

வதந்திக்குத் தனி ஏற்பாடு வேண்டும். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை என்ற கதை கிளம்பி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பரிசோதித்துப் பார்த்தால் அது மாவுக் கட்டி. இந்த மாதிரி வதந்தி பெண்ணின் கர்ப்பப்பையைப் பற்றியது, அதை மறுக்கவோ ஆண்கள் கூடுகிறார்கள். ஊரில் எல்லா வீட்டுக்குள்ளும் போய்வருகிற மிட்வைஃப் சொன்னால் நம்புவார்கள். ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பெண்கள், ஒரு மிட்வைஃப், முன்பள்ளி ஆசிரியை என்று ஃபோன் சங்கிலி போடுங்கள். வட்ஸ்அப்பில் ஏதாவது வந்தால் அனுப்பியவரிடம் மூன்று கேள்வி: நீ கண்டாயா, எங்கே, எத்தனை மணிக்கு? பதில் கிடைக்கும்வரை யாருக்கும் அனுப்புவதில்லை. பதில் வந்ததும் மறு ஊர்ப் பெண்ணுக்கு நேரே அழைப்பு, எழுத்தில் அல்ல, குரலில்.

கூட்டத்துக்குக் கொண்டுவரக்கூடாதது ஒன்றும் உண்டு. வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்ணின் விஷயம் நல்லிணக்கக் குழு சமரசம் பேசும் விஷயம் அல்ல. பேசினால் "ஊர் மானம்" என்ற பெயரில் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை வாங்கலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை முன்பள்ளி மலசலகூடக் கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். அங்கேதான் தனியாக நின்று வாசிக்கலாம்.

படம் பற்றி. வருவதை நிறுத்திய அந்தப் பெண்ணிடம் ஒரு பெண் போய் விசாரிக்கட்டும். கேட்காமல் எடுத்த படம் ஃபேஸ்புக்கில் ஏறியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: முகங்கள் இல்லை, பதிலாகத் தீர்மானக் கொப்பியின் பக்கத்தை, பெயர்களை மறைத்து அனுப்புகிறோம் என்று. ஒக்டோபர் 15க்குப் பிறகு வடிகானைப் படம் எடுத்து அனுப்பலாம்.