6203, 6302 – கடிதம்

வணக்கம் சார்,

கோவையில் உதிரிபாகக் கடை ஒன்றில் ஸ்டோர் பார்க்கிறேன். வயது 38. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதைச் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு, என்றார்கள். அவளைப் பற்றி அவர்கள் விளக்க விளக்க, என்னைப் பற்றிச் சொல்வதுபோலவே இருந்தது. எதையும் இரண்டு தடவை படித்தால்தான் எனக்கு விளங்கும். 6203 பேரிங் கேட்டால் 6302-ஐ எடுத்துக் கொடுத்துவிடுவேன். "கவனம் எங்கே?" என்று முதலாளி கேட்காத வாரமில்லை. இந்த வயதில் பரிசோதனை தேவையா? கடையில் சொல்லலாமா? மகளிடம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

டிஸ்லெக்சியா குடும்பவழியில் வருவது அபூர்வமல்ல. வளர்ந்ததும் மறைந்துபோவதும் இல்லை. சமாளிக்கப் பழகிக்கொள்கிறோம், அவ்வளவுதான். "தமிழை நன்றாகத்தானே வாசிக்கிறாய்" என்று யாராவது சொல்வார்கள். ஆங்கிலத்தைப் போலன்றி, தமிழில் எழுத்தைப் பார்த்தாலே ஒலி பெரும்பாலும் தெரிந்துவிடும். இத்தகைய மொழிகளில் இந்தக் குறைபாடு பிழையைவிட வேகக் குறைவாகவே அதிகம் தெரியும். பார்ப்பவர்களுக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது.

பரிசோதனை செய்துகொள்ளுங்கள், உங்களுக்காக. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருவரைப் பாருங்கள், கண்ணையும் சோதித்துவிடுங்கள். மாற்றுத்திறனாளி என்ற அரசுச் சான்றிதழ் வேறு கதை. நீங்கள் பள்ளியில் படித்தபோது இருந்த 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு குறைபாடுகள்தான்; கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016 சட்டம்தான் 21 வகைகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. ஆனால் சான்றிதழுக்குப் பயன்படும், பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸின் பரிசோதனை பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவானது. 38 வயதுக்காரர் அதற்கு அலையத்தான் வேண்டியிருக்கும். அரசு வேலைக்கான இடஒதுக்கீடு கேட்கப்போவதில்லை என்றால் அந்த அலைச்சல் உங்களுக்கு எதற்கு?

கடை விஷயம். நோயின் பெயரைப்போல இதை முதலாளியிடம் முதலில் சொல்லாதீர்கள். என்ன வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். ஆர்டரை வாட்ஸாப்பில் எழுத்தோடு வாய்ஸாகவும் அனுப்பச் சொல்லலாம். 62 வரிசைக்கு ஒரு நிற ஸ்டிக்கர், 63-க்கு வேறு நிறம். எண்ணோடு உள்விட்டத்தையும் கேளுங்கள்: 6203-க்கு 17 மில்லிமீட்டர், 6302-க்கு 15. எண் இடம் மாறினாலும் அளவு காட்டிக்கொடுத்துவிடும். இதெல்லாம் சரியாக நடந்து, மனிதரும் நல்லவர் என்று தெரிந்தால் அப்புறம் காரணத்தைச் சொல்லிக்கொள்ளலாம்.

மகளிடம் தாராளமாகச் சொல்லுங்கள். ஐன்ஸ்டைனுக்கும் இருந்தது என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அதற்கு உறுதியான ஆதாரமில்லை. அதோடு எட்டு வயதுக் குழந்தைமேல் மேதையாகும் கடமையையும் ஏற்றிவிடுகிறது. அப்பாவுக்கும் எண் மாறும், அதற்கு அப்பா இப்படிச் செய்கிறேன் என்று ஸ்டிக்கர்களைக் காட்டினால் போதும். அவளுடைய சான்றிதழை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதும் ஆளும் கேட்க அது வேண்டும். பத்தாம் வகுப்பில் போய் ஓடுவதைவிட இப்போதே பள்ளியில் பேசிவிடுவது நல்லது.