மால்ச்சா மகாலுக்குத் தனியாகப் போகலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிசம்பரில் தில்லி வருகிறேன். காட்டுக்குள் இடிந்து கிடக்கும் மால்ச்சா மகாலைப் பார்க்க ஆசை. பேய் பங்களா என்கிறார்கள். தனியாகப் போகலாமா? அங்கே என்ன பார்க்க வேண்டும்?

வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

தனியாக வேண்டாம். காரணம் பேய் அல்ல, குரங்குகளும் முள்ளும் உதிரும் கூரையும்தான். ரிட்ஜ் எனப்படும் இந்த ஆரவல்லி மேட்டுக்காடு காப்புக்காடு என்பதால் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள். 2023இல் தில்லி சுற்றுலாத் துறை வழிகாட்டியோடு நடைப்பயணம் தொடங்கியது. இப்போதும் நடக்கிறதா என விசாரியுங்கள்.

சர்தார் படேல் மார்க்கிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். டிசம்பர் காலையில் பனிமூட்டம் இருக்கும், ஐந்தரைக்கே இருட்டிவிடும். பத்து மணிக்கு மேல் கிளம்பி மூன்றுக்குள் திரும்பிவிடுங்கள். கனத்த அடிப்பாகமுள்ள ஷூ அவசியம். வழியெங்கும் நம்மூர் சீமைக்கருவேலம்தான். அதன் முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். தின்பண்டம் கையில் வேண்டாம். இருட்டறையில் வௌவால் எச்சம் கிடந்தால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள், தூசியைக் கிளறாதீர்கள்.

இது 14ஆம் நூற்றாண்டில் தில்லி சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் கட்டிய வேட்டை மாளிகை. சீமைக்கருவேலம் ஆங்கிலேயர் காலத்தில் வந்த மரம். அதாவது நீங்கள் காணும் காடு கட்டடத்தைவிட மிக இளையது. மனக்கண்ணில் அந்த மரங்களை அகற்றிவிட்டு, இலந்தைப் புதர்கள் சிதறிய வறண்ட மேட்டைக் கற்பனை செய்யுங்கள். மாளிகையை ஏன் உயர்ந்த மேடையில் எழுப்பினார்கள் என்பது அப்போது புரியும்: அங்கிருந்து வெகுதூரம் பார்க்கலாம்.

சுவரை நெருங்கிப் பாருங்கள். ஆரவல்லியின் குவார்ட்ஸைட் செதுக்கக் கடினமான கல். அதனால் ஒழுங்கற்ற கற்களைச் சுண்ணாம்புக் காரையில் பதித்து மேலே பூசினார்கள். பூச்சு உதிர்ந்தால் மழைநீர் காரையை அரிக்கும், கல் தளரும், அந்த இடுக்கில் அரச மரம் வேர்விடும். ஆகவே வளைவுகளின் அடியில் நிற்காதீர்கள், கூரையில் ஏறாதீர்கள்.

பேய்க் கதைக்கு மூலம், அவத் (லக்னோவைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய அரசு) அரச வாரிசு என்று சொல்லிக்கொண்டு 1985இல் இங்கே குடியேறிய பேகம் விலாயத் மகலின் குடும்பம். அவர் 1993இல் இறந்தார், மகன் 2017இல். மின்சாரமும் குழாய்நீரும் இல்லாத வாழ்க்கை. அந்த உரிமைகோரல் உண்மையல்ல என்று 2019இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. எப்படியாயினும் மனிதர்கள் துயரப்பட்டு இறந்த வீடு. அங்கே பேய் வேடிக்கை தேடிப் போவது எனக்கு உடன்பாடில்லை.

இன்னொரு அரைநாள் கிடைத்தால் வடக்கு ரிட்ஜில், இந்து ராவ் மருத்துவமனை வளாகத்திலுள்ள பீர் காயிப்பைப் பாருங்கள். அதுவும் பிரோஸ் ஷாவின் வேட்டை மாளிகையின் எச்சமே. கூரையையும் தளத்தையும் ஊடுருவும் துளை ஒன்று உண்டு; வானத்தை நோக்க வைத்தது என்று கருதுகிறார்கள். அருகிலேயே அவர் மீரட்டிலிருந்து கொண்டுவந்த அசோகர் தூணும் நிற்கிறது, உடைந்த துண்டுகளை ஒட்டவைத்த நிலையில்.