நிறம் வெளுக்கும் ஃபேரி ராஸ்: விளக்கைக் கூட்டினால் சரியாகுமா?

கேள்வி: என் உப்புநீர்த் தொட்டியில் மாலத்தீவிலிருந்து வந்த ரோஸ் வெய்ல்டு ஃபேரி ராஸ் ஆண் மீன் ஒன்று இருக்கிறது. வாங்கும்போது இளஞ்சிவப்பும் ஆரஞ்சுமாக மின்னியது. இரண்டே மாதத்தில் வெளுத்துவிட்டது. பாதி நேரம் பாறைக்குள் ஒளிந்துகொள்கிறது. இன்னும் பிரகாசமான விளக்கு போடலாமா?

பதில்: வேண்டாம். முடிந்தால் இருக்கிற வெளிச்சத்தையும் கொஞ்சம் குறையுங்கள்.

இது 40 முதல் 70 மீட்டர் ஆழத்துப் பவளப்பாறைகளில் வாழும் மீன். அவ்வளவு கீழே எட்டுவது மங்கலான நீல வெளிச்சம்தான். பவளத்துக்காகப் போடும் பளீர் விளக்கில் மிரண்டு ஒளிந்துகொள்ளும். ஒளிந்த மீன் சரியாகச் சாப்பிடாது, நிறம் அங்கேதான் போகத் தொடங்குகிறது. மீன்களின் சிவப்பும் ஆரஞ்சும் பெரும்பாலும் கரோட்டினாய்டு நிறமிகளால் வருபவை. அவற்றை மீனின் உடல் தானாக உண்டாக்காது, தீனியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். எனவே காய்ந்த தீனியை மட்டும் நம்பாமல் மைசிஸ் என்ற குட்டி இறால், கோப்பிபாட் என்ற மிகச் சிறிய கடலுயிரி இரண்டையும் மாற்றி மாற்றி, நாளுக்கு மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கடலில் மிதந்து வரும் சிற்றுயிர்களை நாள் முழுக்கக் கொத்தித் தின்னும் மீனுக்கு ஒரே வேளைத் தீனி போதாது.

இன்னொரு முக்கியமான காரணம், தனிமை. ஃபேரி ராஸ்கள் பெண்ணாக வளர்ந்து, பெரியது பிறகு ஆணாக மாறும் வகை. பெண்ணைக் கவரவும் போட்டி ஆணை மிரட்டவும்தான் ஆண் துடுப்பை விரித்து நிறத்தைக் கூட்டும். பார்க்க யாரும் இல்லையென்றால் அந்தப் பளபளப்பு மெல்ல மங்கிவிடும். அதே இனப் பெண் ஒன்றிரண்டு கிடைத்தால் சேருங்கள். கிடைக்காவிட்டால் தினமும் சில நிமிடம் கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டுங்கள். தன் உருவத்தையே போட்டியாளன் என்று நினைத்துத் துடுப்பை விரிக்கும். அதிக நேரம் வைக்காதீர்கள், களைத்துவிடும்.

இந்த மீன் தனி இனம் என்று அறிவிக்கப்பட்டது 2022இல்தான். இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளில் கிடைத்த ஒரே ஒரு குஞ்சை வைத்து 1983இல் பெயரிட்ட வேறொரு இனத்தோடு அதுவரை குழப்பிக்கொண்டிருந்தார்கள். புது இனமாக விவரித்துப் பெயரிட்டவர்களில் மாலத்தீவின் அகமது நஜீபும் ஒருவர். அந்நாட்டு ஆய்வாளர் ஒருவர் தம் கடலின் மீனுக்குப் பெயரிட்டது அதுவே முதல் முறை. முறையான பெயர் கிடைக்கும் முன்பே அலங்கார மீன் வியாபாரத்துக்கு வந்துவிட்டது என்பது எனக்கு வருத்தம்தான். வாங்கிவிட்டீர்கள், அதை நன்றாக வாழவையுங்கள்.

பெண் மீன் வாங்கப்போனால் கடையில் அது நீந்துவதைக் கவனியுங்கள். வால் மேலே தூக்கி, தலை சாய்ந்து, கீழே நிற்கவே ஓயாமல் துடுப்படிக்கிறதா? ஆழத்திலிருந்து வேகமாக மேலே கொண்டுவந்ததால் மீன் மிதக்க உதவும் உள் காற்றுப்பை உப்பியிருக்கலாம். அதை வாங்காதீர்கள். உங்கள் தொட்டியில் காலையில் பாறையிடுக்கில் மெல்லிய சளிப்படலம் மிதந்தால் பயப்பட வேண்டாம், மீன் இரவில் அதைச் சுற்றிக்கொண்டுதான் தூங்கும். அப்புறம், தொட்டிக்கு வலைமூடி போட்டீர்களா? ஃபேரி ராஸ் மிரண்டால் துள்ளி வெளியே விழும். குழாய் நுழையும் இடைவெளியையும் அடைத்துவிடுங்கள்.